ஏழாம் நம்பர் மட்டை

பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலைதான் இருபதடி தள்ளிப் போய் விழுந்தது.

எழிலரசன் கையில் மிச்சமிருந்த வெறும் கம்பியைப் பார்த்தான். பிறகு குனிந்து தரையைப் பார்த்தான். திருமயத்தை ஒட்டிய அந்த வறண்ட கண்மாயில் எவ்வளவோ இடம் இருக்க, மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்த ஒரு பாறைக்கு முன்னால் போய்ப் பந்தை வைத்திருந்தான்.

வாழ்க்கையில் அவன் கோல்ப் மட்டையைப் பிடித்து அடித்த முதல் அடி அது.

அதில்தான் சங்கடமே. மூன்று வருடங்களாக ஓர் இணையதளத்துக்குக் கோல்ப் மட்டைகளை மதிப்பிட்டு எழுதுவது அவன் தொழில். மட்டையின் படத்தையும் அதைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியதையும் வைத்துக்கொண்டு, பதினோராவதாக ஒன்றை எழுதிவிடுவான். நன்றாகவே எழுதுவான். கட்டுரைக்குக் கீழே அவனைப் பற்றி, ‘முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆட்டக்காரர்’ என்று ஒரு குறிப்பு வரும். அவனுக்கு வயது முப்பத்திரண்டு.

அதை நம்பித்தான் பெங்களூர் கம்பெனி ஒன்று, புதிதாகச் செய்த மட்டைகளை அவனுக்கே அனுப்பிவிட்டது. நாலு முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட ஆறும், மணல் குழியிலிருந்து பந்தைத் தூக்கிவிட ஒன்றுமாக மொத்தம் ஏழு. வார்ப்பில் ஊற்றாமல், காய்ச்சி அடித்துச் செய்த இரும்பு. கைதேர்ந்தவர்கள் மட்டுமே ஆடக்கூடியவை. பெயர்கூட இன்னும் பொறிக்கவில்லை. உலகத்திலேயே அந்த ஒரு செட்தான் இருந்தது. ஒரு வாரம் ஆடிப் பார்த்து, கருத்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும்.

உடைந்த தலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி பிளெஸ்ஸி பள்ளிக்கூடக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மட்டைகள் வந்த பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“ஃபோர்ஜ்டுன்னு போட்டிருக்கு. அப்படின்னா போலின்னுல்ல அர்த்தம்?”

“இரும்புக்கு வந்தா காய்ச்சி அடிச்சதுன்னு அர்த்தம்.”

“நான் இரும்பைச் சொல்லல.”

அவன் கைக்குட்டையை அவிழ்த்து, உடைந்த தலையை அவள் முன்னால் வைத்தான்.

“பேசாம உண்மையச் சொல்லிருங்க. எனக்கு ஆடத் தெரியாது, ஒடைச்சுப்புட்டேன்னு.”

“சொன்னா வேலை போயிரும் பிளெஸ்ஸி. மூணு வருஷமா எழுதுனதெல்லாம் பொய்யின்னு ஆயிரும்.”

“பொய்தானே?”

எழிலரசன் போனை எடுத்து, பெங்களூர் கம்பெனியில் இந்த மட்டைகளைக் கவனிக்கும் வசந்தைக் கூப்பிட்டான்.

“சார், இன்னும் ஒரு வாரம் வேணும். ஏழாம் நம்பரைக் கொஞ்சம் ஆழமா ஆராயணும்.”

வசந்த் மகிழ்ந்துபோனார். “அதான் சார் அனுபவம்! தெரிஞ்சவங்க மொதல்ல ஏழைத்தான் பார்ப்பாங்க. நல்லா எடுத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த ஏழுல நீங்க அடிக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ அனுப்பிருங்க. எங்க எம்.டி. ஒங்க ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுறாரு.”

எழிலரசன் கடைக்குப் போய், குழாய் ஒழுகினால் பூசுகிற பசை வாங்கி வந்தான். தலையைக் கம்பியோடு ஒட்டி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தான். காய்ந்த பிறகுதான் தலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பரவாயில்லை, வீடியோவில் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. பிளெஸ்ஸி போனைப் பிடித்துக்கொண்டாள். எழிலரசன் தொப்பி போட்டுக்கொண்டு, தான் எழுதிய கட்டுரைகளில் உள்ளபடியே முழங்காலைத் தளர்த்தி, தோளைச் சாய்த்து, மட்டையை ஓங்கினான்.

இந்த முறையும் பந்து நகரவில்லை. தலை மட்டும் வானத்தில் ஏறி, அழகாக வளைந்து, பக்கத்து வீட்டுக் குளியலறை மேலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்தது. தொட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

உள்ளே குளித்துக்கொண்டிருந்த பக்கீர் முகமது பாய் தலையில் சோப்பு நுரையோடும் இடுப்பில் துண்டோடும் வெளியே வந்தார். மேலே பார்த்தார். எழிலரசன் கையிலிருந்த கம்பியையும் பார்த்தார்.

“தம்பி, துபாயில பதினாலு வருஷம் கோல்ப் மைதானத்துல புல்லு வெட்டுனேன். பந்தை வச்சுக்கிட்டு மட்டையத் தூக்கி எறிஞ்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“மன்னிச்சிருங்க பாய். புதுத் தொட்டி வாங்கி வச்சிர்றேன்.”

“தொட்டி கெடக்கட்டும். மொதல்ல அந்த மட்டையப் பாருங்க. பசை வச்சு ஒட்டுற சாமானா அது? திருவரங்குளத்துல நாகராசுன்னு ஒருத்தர் பட்டறை வச்சிருக்காரு. லாரிக்கு அடியில போடுற வில்லுப் பட்டையில அரிவாள் அடிச்சா தலைமுறைக்கும் நிக்கும். அவர்ட்ட கொண்டு போங்க.”

மறுநாள் காலையில் எழிலரசன், தொட்டியிலிருந்து எடுத்த தலையோடு ஏழு மட்டைகளையும் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். மற்றதைப் பார்த்துத்தானே உடைந்ததைச் செய்ய முடியும்?

நாகராசின் பட்டறையில் மின்சாரச் சம்மட்டி இடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நாலைந்து லாரிகள் பட்டை மாற்றக் காத்திருந்தன. நாகராசு உடைந்த துண்டை வாங்கி, முறிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்னங்க தம்பி இது, களை கொத்துறதா?”

“விளையாட்டுச் சாமாண்ணே.” சம்மட்டிச் சத்தத்தில் எழிலரசன் கத்தினான். “ஏழு வேணும்! அச்சு அசலா இதே மாதிரி! யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது!”

“ஏழா?”

“ஆமாண்ணே, ஏழுதான்!”

“நாலு நாள் ஆகும்ங்க.”

“இத்தனூண்டு இரும்புக்கு நாலு நாளா?”

“லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சீங்களா? எல்லாத்தையும் வச்சுட்டுப் போங்க. கம்பி பழசே இருக்கட்டும்.”

நாலாம் நாள் போனபோது, ஏழும் எண்ணெய் துடைத்துச் சாக்கில் வரிசையாக இருந்தன. எழிலரசன் ஏழாம் நம்பரை மட்டும் உருவி மற்ற ஆறோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். மயிரிழை வித்தியாசம் இல்லை. அதே மினுமினுப்பு, அதே வளைவு, அதே மாதிரி பொறித்த எண். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அண்ணே, நீங்க மனுசனே இல்ல.”

“தராசுல வச்சு எடைகூடப் பாத்துட்டேன் தம்பி. எங்கிட்டு வேணா கொண்டு போய்க் காட்டுங்க.”

வீட்டுக்கு வந்து, ‘கைதேர்ந்தவர்கள் இதைத் தொட்டால் வேறு மட்டையைத் தொட மாட்டார்கள்’ என்று முடியும்படி எட்டுப் பக்கம் எழுதினான். கை வலி என்று சொல்லி வீடியோவைத் தட்டிக் கழித்தான். மட்டைகளைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் படுத்தான்.

தூக்கம் வரவில்லை. “ஒரு நல்ல ஆட்டக்காரன் தொட்டா ஏழாம் நம்பர் மட்டும் வேறன்னு தெரிஞ்சிருமே” என்றான்.

“தெரியட்டும்” என்றாள் பிளெஸ்ஸி. “ஒங்களுக்கு அப்பத்தான் புத்தி வரும்.”

அடுத்த வாரம் முழுக்க போன் அடித்தபோதெல்லாம் யார் என்று இரண்டு முறை பார்த்துவிட்டே எடுத்தான். வெள்ளிக்கிழமை வசந்தே கூப்பிட்டார்.

“சார்! எங்களுக்கு மட்டை சோதிச்சுப் பாக்குற ஆட்டக்காரர் நேத்து இருநூறு பந்து அடிச்சாரு. மட்டையத் திருப்பிக் குடுக்க மாட்டேங்குறாரு சார். இருபது வருஷத்துல இப்படி ஒரு இரும்பைத் தொட்டதே இல்லையாம்!”

எழிலரசன் குரலைத் தாழ்த்தினான். “ஏழாம் நம்பர்... அதப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“தனியா ஒண்ணும் சொல்லலையே. ஏழும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்குன்னாரு. எம்.டி. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஐநூறு செட்! எங்க டிசைன்ல ஒரு புள்ளியக்கூட மாத்த வேணாம், எழிலரசன் சார் சொன்னா சொன்னதுதான்னுட்டாரு.”

போனை வைத்துவிட்டு எழிலரசன் பிளெஸ்ஸியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “பாத்தியா? நான் எழுதுனது அத்தனையும் உண்மை! ஆடிப் பாக்காமலே கண்டுபுடிச்சிருக்கேன்!”

பிளெஸ்ஸிக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுசனுக்கு நிஜமாகவே ஏதோ திறமை இருக்குமோ?

அன்று மாலையே ஆதனக்கோட்டை முந்திரி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு திருவரங்குளத்துக்குப் போனான். நாகராசு மின்சாரச் சம்மட்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

“அண்ணே, அவ்வளவு பெரிய ஆட்டக்காரரு இருநூறு பந்து அடிச்சுப் பாத்தாரு. ஆறு மட்டை கம்பெனியோடது, ஏழாம் நம்பர் மட்டும் ஒங்களோடதுன்னு அவரால கண்டுபுடிக்கவே முடியலண்ணே!”

நாகராசு முந்திரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஏழாம் நம்பரா? நீங்க ஏழு வேணும்னுல்ல தம்பி சொன்னீங்க? ஏழுமே நம்ம லாரி பட்டைதான்.”