மைக்கில் விழுந்த முன்பல்

மைக்கைப் பிடித்தவனுக்குத் தன் வாயைவிடப் பெரியது உலகத்தில் எதுவும் இல்லை. எனக்கோ அந்த வாயிலேயே கோளாறு.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமனார் தெருக் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். குடும்பத்தைக் கெடுப்பது வெளியாளா, வீட்டாளா? நான் வீட்டாள் என்று பேசும் அணி. எதிரணியில் என் மனைவி கமலாவின் அண்ணன் செல்வம். (தோற்றால் மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் கேலிதான்.)

சில மாதங்களாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். நான் மேதாவி அல்லவா? தேய்ப்பதையே நிறுத்திவிட்டேன்! முன்பல் ஆட ஆரம்பித்ததும் கமலா என்னைத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் எக்ஸ்ரே எடுத்து, பல்லடியில் எலும்பு குறைந்திருப்பதைக் காட்டினார்.

"கிருமி எலும்பைத் தின்னுடுச்சா டாக்டர்?"

"கிருமி பல்லோரத்துல குடியேறும் சார். அதை விரட்ட உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தி படை திரட்டிக்கிட்டு வரும். கிருமியும் போகாது, சண்டையும் நிக்காது. அந்தச் சண்டையிலதான் ஈறு வீங்கி, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரையுது. மத்த பல்லைக் காப்பாத்திடலாம். இதை எடுத்துடணும்."

"பட்டிமன்றம் முடியட்டும்" என்று தப்பி வந்தேன்.

மேடையில் செல்வம் வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்தான். நான் எழுந்து, "வீட்டைப் பிளப்பது யார்?" என்று கர்ஜித்தேன். பல் பறந்துபோய் மைக்கில் மோதியது. 'டொக்!' குழாய் ஸ்பீக்கர்கள் அதை ஊருக்கே ஒலிபரப்பின. பல் நடுவரின் சோடா பாட்டில் பக்கத்தில் போய் விழுந்தது.

"இன்னா சார், பல்லு பூட்ச்சா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் டாக்டரம்மா சொன்ன சண்டை ஞாபகம் வந்தது. பல்லை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

"நடுவர் அவர்களே, இதோ சாட்சி! கிருமி வெளியாள்தான். ஆனால் அதை விரட்டுகிறேன் என்று ஓயாமல் சண்டை போட்டு, இந்தப் பல்லைத் தாங்கிய எலும்பைக் கரைத்தது யார்? என் சொந்த உடம்பு! வீட்டாள்!"

கைதட்டல் எழுந்தது. செல்வம் துள்ளி எழுந்தான்.

"கிருமி வரலைன்னா சண்டையே இல்லையே, மாப்ள!"

"அதைத் தேய்த்து விரட்டாமல் குடிவைத்தது யார் மச்சான்? நான்! நானும் வீட்டாள்தானே!"

விசில் பறந்தது. நடுவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. தீர்ப்பு எங்களுக்கு! மாமனார் முகத்திலிருந்த துண்டை எடுத்து எனக்கே போர்த்தினார். முன்பல் போன வாயோடு நான் அன்று சிரித்த சிரிப்பை எந்த ராஜாவும் சிரித்திருக்க மாட்டான்.

மற்ற பற்களை டாக்டரம்மா காப்பாற்றிக் கொடுத்தார். இன்றும் நானும் கமலாவும் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அடுத்த அறையிலிருந்து மகள் கத்துவாள்:

"போதும்பா, எலும்பு கரையுது!"