கூழைக்கடா பாக்க வந்த பெரிய ஆக்கள்

போன பங்குனி மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். எங்கட ஊர் விவசாயிகளின்ர கமக்காரர் அமைப்புத் தலைவர் தருமு அண்ணையிட்டப் போய், "ஞாயிற்றுக்கிழமை விடிய கொஞ்சப் பேர் குளத்துக்குக் குருவி பாக்க வருகினம்" எண்டு சொல்லோணும். அவ்வளவுதான்.

சைக்கிள்ல போய்ச் சொல்லிப்போட்டுத் திரும்பி வாற வேலை. ஆரும் செய்வினம்.

நான் செய்தன். அதுதான் பிரச்சினை.

எங்கட ஊர் பூவரசங்குளம் றோட்டால போய் உள்ளுக்கு இறங்கிற ஊர். குளத்தில, தண்ணிக்கையே நிக்கிற பழைய மருத மரங்கள் இருக்கு. வருசா வருசம் கூழைக்கடாக்கள் வந்து அதில கூடு கட்டும். சொண்டுக்குக் கீழ சந்தைப் பை மாதிரி ஒண்டு தொங்குமே, அந்தப் பெரிய பறவைதான்.

நான் வவுனியா ரவுணில போட்டோக் கொப்பிக் கடை வச்சிருக்கிறன். நாள் முழுக்க மெசினோடயும் சனத்தோடயும் மல்லுக்கட்டிப்போட்டு, பின்னேரம் வீட்டை வாற வழியில குளக்கட்டில சைக்கிளை நிப்பாட்டி அதுகளைப் பாப்பன். எனக்குக் கிடைக்கிற நிம்மதி அவ்வளவுதான்.

இந்த வருசம் குளம் திருத்த வேலை வந்திட்டுது. நல்ல விசயம். ஆனா மண் வெட்டிற மெசின் இறக்கிறதுக்கு மருத மரங்களையும் தறிக்கப் போகினமாம்!

எனக்கு இரவில நித்திரையும் வரேல்லை.

ரவுணில பறவை பாக்கிற குழு ஒண்டு இருக்கு. அதை நடத்திறவா நிர்மலா ரீச்சர், விஞ்ஞானம் படிப்பிக்கிறவா. அவாவிட்ட ஓடிப் போய்ச் சொன்னன்.

"கூட்டில குஞ்சு இருக்கெண்டா மரத்தில கை வைக்க விடாமக் கதைக்கலாம் தம்பி. வெறுங் கூடெண்டா ஒருத்தரும் காது குடுக்க மாட்டினம். நாங்கள் நேர வந்து உறுதிப்படுத்தோணும். ஒண்டு சொல்லிறன், சத்தம் கூடாது. சனமும் கூடாது. ஊரில ஒரு பொறுப்பான ஆளுக்கு மட்டும் சொல்லி வையுங்கோ" எண்டா.

பொறுப்பான ஆளெண்டா எங்கட ஊரில தருமு அண்ணைதான். அவரைப் போல பொறுப்பு வேற ஆருக்கும் வராது. கொஞ்சம் கூடிப் போச்சு எண்டுதான் சொல்லோணும்.

நான் போகேக்க அவர் றோட்டில நெல்லுக் காயப்போட்டுக் கொண்டு நிண்டார்.

"அண்ணை, ஞாயிறு விடிய கொஞ்சப் பேர் குருவி பாக்க வருகினம்."

"குருவி பாக்கவோ!" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "உதுக்கும் பெற்றோல் அடிச்சுக் கொண்டு வருகினமே? ஆர், உன்ர கூட்டாளியளோ? வேலைவெட்டி இல்லாதவங்கள்!"

அதில எனக்குச் சுள்ளெண்டு ஏறிட்டுது. "ரீச்சர் ஒராள் வாறா" எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.

"இல்லை அண்ணை. பெரிய ஆக்கள்" எண்டன்.

தருமு அண்ணை நெல்லுக் கிண்டினதை நிப்பாட்டினார்.

"பெரிய ஆக்களெண்டா?"

"மேல கதைக்கக் கூடிய ஆக்கள். குளத்து விசயமே அவையின்ர கையிலதான் கிடக்கு."

"அப்ப வாகனத்தில வருவினம்?"

"பின்ன?" எண்டன். ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

"சரி தம்பி. நீ போ. நான் பாக்கிறன்."

வீட்டை போய் மனிசியிட்டச் சொன்னன், வேலை சுலபமா முடிஞ்சுதெண்டு. சுகி என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "நீங்கள் செய்தா அது சுலபமா முடியாதே" எண்டா.

ஞாயிறு விடிய நான் மண் நிறச் சேட்டு ஒண்டைத் தேடிப் போட்டன். குருவியளுக்கு வடிவா உடுத்தினா பிடிக்காதாம். அப்ப தூரத்தில பக்திப் பாட்டு ஒண்டு கேட்டுது, நல்ல உரத்து.

"ஆரின்ரையும் வீட்டில விசேசமோ?" எண்டா சுகி.

"தெரியேல்லையே."

"குளப் பக்கமெல்லோ கேக்குது."

தேத்தண்ணியை அப்பிடியே வச்சிட்டுச் சைக்கிளை எடுத்தன். செருப்பையும் மாறிக் கொழுவிட்டன்.

குளக்கட்டில ரெண்டு பக்கமும் குலையோட வாழை கட்டியிருந்தது! நடுவில மேசை, வெள்ளைத் துணி, நிறைகுடம், குத்துவிளக்கு. மாதர் சங்கம் முழுக்கப் பட்டுச் சேலையில. தருமு அண்ணை வேட்டி சால்வையோட, கையில மாலை. வேலியில ஒரு நீட்டுச் சரவெடி தொங்குது.

எங்கட ஊரில பெரிய ஆக்கள் வந்தா இதுதான் முறை. கிணறு திறக்க வந்தாலும் இதுதான், பாலம் திறக்க வந்தாலும் இதுதான். ஒரு சாமான் குறைஞ்சாலும் ஊருக்கு மரியாதை இல்லை.

ஸ்பீக்கர் பெட்டி கூழைக்கடாக் கூடுகளைப் பாத்தபடி நிண்டுது. வாடகைக்கு ஸ்பீக்கர் குடுக்கிற றஹீம் நானா பக்கத்தில நிண்டு வயர் சரி பாத்துக் கொண்டிருந்தார்.

"நானா! உதை ஏன் அங்கால திருப்பி வச்சிருக்கிறியள்?"

"தலைவர்தான் சொன்னவர் தம்பி. இண்டைக்குக் குருவியளின்ர விழாவாமே. அதுகளுக்கும் கேக்கட்டுமாம்."

நான் தருமு அண்ணையிட்ட ஓடினன். "அண்ணை, சத்தம் கூடாதெண்டு சொன்னவை! ஒண்டும் வேண்டாமெண்டு சொன்னவை!"

அவர் என்ர தோள்ல தட்டினார். "தம்பி, பெரிய ஆக்கள் உப்பிடித்தான் சொல்லுவினம். 'ஒண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்' எண்டு. செய்யாமல் விட்டுப் பார், அப்ப தெரியும்!"

அந்த நேரம் பாத்து ரீச்சரும் குழுவும் வந்திட்டினம். ரெண்டு மோட்டச்சைக்கிள். நிறம் போன உடுப்பு, பழைய தொப்பி, சேறு பிடிச்ச சப்பாத்து. கழுத்தில பைனாகுலர்.

தருமு அண்ணை கையைக் காட்டினார். "பிள்ளையள், மோட்டச்சைக்கிளை அங்கால கொண்டு போய் விடுங்கோ. பெரிய ஆக்கள் வாற நேரம்!"

ரீச்சர் வாழையைப் பாத்தா. பட்டுச் சேலையளைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. நான் வானத்தைப் பாத்தன்.

கூழைக்கடாக்கள் மட்டும் ஒண்டுக்கும் அசையேல்லை. பாட்டுக் கேட்டபடி கூட்டில பேசாமல் குந்திக் கொண்டிருந்ததுகள். ரீச்சர் பைனாகுலரை வச்சுப் பாத்திட்டு என்ர காதுக்க கத்தினா.

"பெரிசுகள் கூட்டை மூடிக் கொண்டு இருக்குதுகள்! உள்ளுக்கு ஒண்டும் தெரியேல்லை! சத்தத்தை வச்சுத்தான் பிடிக்கோணும்! பெரிசுகள் பெரிசாக் கத்தாது, குஞ்சுகள்தான் கத்தும்! உந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

திரும்பவும் தருமு அண்ணையிட்டப் போனன்.

"அண்ணை, இவைதான் அவை."

"எவை?"

"பெரிய ஆக்கள்."

அவர் ரீச்சரின்ர சப்பாத்தைப் பாத்தார். மோட்டச்சைக்கிளைப் பாத்தார். "விடிய வெள்ளண்ண பகிடி விடாத தம்பி" எண்டுட்டு மைக்கைத் தூக்கினார்.

"அன்பார்ந்த கிராம மக்களே! பெரியோர்கள் இன்னும் சற்று நேரத்தில் வருகை தர இருக்கிறார்கள். ஆகவே குளக்கட்டில் நிற்கும் ஏனையோர் தயவு செய்து விலகி நிற்கவும்!"

ஏனையோர் எண்டது எங்களைத்தான். நாங்கள் விலகி நிண்டம்.

அப்ப றோட்டுக் கடைசியில புழுதி எழும்பிச்சு. வெள்ளை வாகனம். கண்ணாடி கறுப்பு. நேர குளக்கட்டுப் பக்கம் திரும்புது.

எனக்கு உடன விளங்கிட்டுது. அது நாயாற்றில இருந்து ஞாயிற்றுக்கிழமையில வாற மீன் லொறி! வேற நாளெண்டா அதின்ர ஹோர்ன் சத்தத்துக்கு ஊரே சட்டியோட ஓடிவரும். இண்டைக்கு ஸ்பீக்கர் சத்தத்தில ஒருத்தருக்கும் ஹோர்ன் கேக்கேல்லை.

"வந்திட்டினம்! கொளுத்துங்கோ!" எண்டு தருமு அண்ணை மாலையோட ஓடினார்.

"கொளுத்தாதேங்கோ! மீன்! மீன்!" எண்டு கத்திக் கொண்டு நான் சரவெடிப் பக்கம் ஓடினன்.

ஓடேக்க றஹீம் நானாவின்ர வயர் காலில கொழுவிட்டுது. நான் விழ, வயர் வர, வயரோட மேசை வர, மேசையோட நிறைகுடம் வர, எல்லாருமா ஒண்டாக் குளத்துக்க இறங்கினம். பாட்டு டக்கெண்டு நிண்டுது.

வெடி நிக்கேல்லை. படபடபடவெண்டு வெடிச்சுது.

மருத மரங்கள்ல இருந்த கூழைக்கடா எல்லாம் ஒரேயடியா எழும்பிச்சு. வானமே வெள்ளையாப் போச்சு. நான் இடுப்பளவு சேத்துக்க இருந்து அதைப் பாத்தன். தலையில நிறைகுடத்து மாவிலை.

போச்சு. எல்லாம் போச்சு. என்ர வாயாலதான் போச்சு. உண்மையைச் சொல்லிறன், எனக்கு அழுகை வந்திட்டுது.

வெடி முடிஞ்சுது. கரண்டில்லை, பாட்டில்லை. ஊரே வாயைப் பொத்திக் கொண்டு நிண்டுது.

அப்பதான் மரத்தில இருந்து அந்தச் சத்தம் கேட்டுது. பட்டியில அடைச்ச ஆட்டுக்குட்டியள் தாயைத் தேடிக் கத்திற மாதிரி. ஒண்டு, பிறகு இன்னொண்டு, பிறகு மரம் முழுக்க!

"குஞ்சுகள்!" எண்டா ரீச்சர். "ஐயோ பாருங்கோ, தலை தெரியுது! எல்லாக் கூட்டிலயும் இருக்கு!"

சந்தோசத்தில நான் எழும்பப் பாத்து, திரும்பவும் விழுந்தன்.

அடுத்த நிமிசம் ரீச்சர் ரீச்சராகிட்டா. விரலை வாயில வச்சா. "எல்லாரும் கட்டுக்கு அங்கால இறங்குங்கோ. மூச்சு விடக் கூடாது. தாயள் திரும்பி வராட்டிக் குஞ்சுகள் வெயில்ல வதங்கிப் போகும்."

ஊர் முழுக்க இறங்கிக் குந்திச்சுது, பட்டுச் சேலையோட. நானும் சேத்தோட ஏறிப் போய்க் குந்தினன். எங்களுக்கு நடுவில கழுத்தில மாலையோட மீன் லொறிக்காரர். அவர் பாவம், தன்னை ஏன் வரவேற்கினம் எண்டு ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாமல் இருந்தார். கடைசியில என்ர காதுக்க மெல்லக் கேட்டார்.

"அண்ணை, நல்ல விளைமீன் இருக்கு. வேணுமே?"

கூழைக்கடாக்கள் சுத்திச் சுத்தி, ஒவ்வொண்டாத் திரும்பி வந்து கூட்டில இறங்கிச்சுதுகள். அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தருமு அண்ணை ரீச்சருக்குக் கிட்டப் போய் மெல்லக் கேட்டார். "நீங்கள்... பெரிய ஆளோ?"

"நான் விஞ்ஞான ரீச்சர் அண்ணை."

அவர் திரும்பி என்னைப் பாத்த பார்வையை நான் இஞ்ச எழுதேல்லை.

ரீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினா. போக வேண்டிய இடத்துக்குப் போய்க் கதைச்சா. மெசினை மற்றப் பக்கத்தால இறக்கிச்சினம், மரங்கள் நிக்குது. தருமு அண்ணை இப்ப போற வாற எல்லாருக்கும் சொல்லிறார், "நான் வெடி கொளுத்தாட்டி அந்தக் குஞ்சுகள் வாய் திறந்திருக்குமே?" எண்டு. நான் சேத்துக்க விழுந்ததைப் பற்றிக் கதைக்கிறது சேட்டுத் தோய்ச்ச சுகி மட்டும்தான்.

போன கிழமை ரீச்சர் ஒரு பலகை எழுதித் தந்தா, குளக்கட்டில அடிக்கச் சொல்லி. "பறவைகள் குஞ்சு வளர்க்கும் இடம். சத்தம் போடாதீர்கள்."

நான் அதைக் கொண்டு போய்த் தருமு அண்ணையிட்டக் குடுத்தன். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டேல்லை. "ஒரு பலகை அண்ணை. ஆணி அடிச்சா முடிஞ்சுது. ஒருத்தரும் வரேல்லை" எண்டன்.

"விளங்குது தம்பி. நீ போ. நான் பாக்கிறன்" எண்டார்.

நேற்றிரவு றஹீம் நானா ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, பலகை திறப்பு விழாவுக்குச் சின்ன ஸ்பீக்கர் போதுமோ, பெரிசைக் கொண்டு வரட்டோ?"