விசாலாட்சியம்மாளுக்கு மூன்று திவசம்

"பஞ்சாங்கம் வரலையா? பஞ்சாங்கம் இல்லாம எங்கம்மாவுக்கு எந்த நாள்ல திவசம் பண்றது?"

கோயில் வாசலில் நின்று ஜெகநாதன் கத்தினான். பூசாரி சிவஞானம் சாவகாசமாக விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டா? கப்பல் வந்தாத்தானே? ஜகாஜ் மெட்ராஸ்ல நிக்குது, இஞ்சின் கராப்பாம். பழைய பஞ்சாங்கம் பங்குனியோட முடிஞ்சிபோச்சு."

விசாலாட்சியம்மாள் காலமானது 1972 சித்திரையில், தேய்பிறை பஞ்சமியன்று. முதல் திவசத்துக்கு அந்தத் திதி இந்தச் சித்திரையில் என்றைக்கு விழுகிறது என்று சொல்ல, போர்ட் பிளேரில் பஞ்சாங்கத்தை விட்டால் நாதியில்லை.

அவள் 1951-இல் மூன்று குழந்தைகளோடும் ஓர் ஆட்டுக்கல்லோடும் கப்பலேறியவள். கல்லை ஏற்ற முடியாது என்ற கப்பல் அதிகாரியிடம், "அப்ப நீயே தினம் வந்து அரைச்சுக் குடு" என்றவள். ஜெட்டியடியில் இட்லிக் கடை போட்டு மூன்றையும் ஆளாக்கினாள். இந்தி கற்றது வியாபாரத்துக்கு என்பாள். சண்டைக்கு என்று ஊருக்கே தெரியும். பசி என்று வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவள் நாள் தவறி, தன் திவசத்தன்று தானே பட்டினி கிடப்பதா? துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஜெகநாதன் இதே நினைப்பாக வீடு திரும்பினான்.

வீட்டில் இன்னொரு தலைவலி காத்திருந்தது. கார் நிக்கோபாரிலிருந்து அண்ணன் ஜம்புலிங்கமும், கேம்பல் பேயிலிருந்து அக்கா மரகதமும் வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா யார் வீட்டில் இருப்பது என்று ஐந்து வருஷத்துக்கு முன் மூவரும் போட்ட சண்டை அது. "ஒருத்தர் வீடும் எனக்கு வேணாம்" என்று அம்மா கடைக்குப் பின்னாலேயே குடியிருந்துவிட்டாள். சண்டை மட்டும் நின்றபாடில்லை. ஒருவர் உட்கார்ந்த பந்தியில் இன்னொருவர் உட்காருவதில்லை. பேச்செல்லாம் ஜெகநாதன் மனைவி சுசீலா வழியாகத்தான்.

"சுசீலா, உன் நாத்தனாரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா. காத்து வரலை."

"சுசீலா, காத்து வேணும்னா கார் நிக்கோபாருக்கே திரும்பிப் போகச் சொல்லு."

ஜெகநாதன் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரிடம் ஓடினான். அவர்களுக்கு உகாதிக்கே புதுப் பஞ்சாங்கம் வந்துவிடும். அவர் அதைப் புரட்டி, விரலை மடக்கி எண்ணிவிட்டு, "மத்தியானம் பஞ்சமி இருக்கறது புதன்கிழமைங்க" என்றார்.

புதன்கிழமை வாழைக்காய், உருளைக்கிழங்கு, வடை, பாயசம் என்று திவசம் அமர்க்களப்பட்டது. அண்ணன் கூடத்தில் சாப்பிட்டார், அக்கா அடுப்பங்கரையில், ஜெகநாதன் வாசற்படியில். சாப்பிட வந்திருந்த ஆபீஸ் வங்காளி ஏப்பம் விட்டுவிட்டுக் குண்டைப் போட்டார்.

"அரே ஜெகன்பாபு, பஞ்சமி ஆஜ் நஹி, இன்னிக்கு இல்லே. நம்ம பஞ்சாங்கத்துல கல், நாளைக்கு!"

இன்று சூரியன் உதிக்கும்போது சதுர்த்திதானாம். ஜெகநாதன் எச்சில் கையோடு வாசற்படியிலிருந்து எழுந்தான்.

"ஒண்ணும் ஆகலை. நாளைக்கு இன்னொரு தடவை பண்ணிடுவோம்" என்றான்.

"எதை வச்சுப் பண்றது? காய்கறி மொத்தமும் காலி" என்றாள் சுசீலா. கப்பல் வராமல் கடையிலும் காய் வராது. ஜெகநாதன் மின்னி பே வட்டாரம் முழுக்க அலைந்து ஒரே ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வியாழன் காலை பூசணி வெந்தது. மரகதம் அதில் வெல்லத்தைப் போட்டாள். ஜம்புலிங்கம் துள்ளி எழுந்தார்.

"அம்மா பூசணிக்கு வெல்லம் போடவே மாட்டா!"

"போடுவா!"

"எனக்குப் போட்டதே கிடையாது!"

"நீ கேட்டிருந்தாத்தானே போடுவா? எதைக் குடுத்தாலும் உர்ருனு தின்னுட்டுப் போவே!"

ஐந்து வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். சுசீலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வெல்லச் சண்டை முடிவதற்குள், ஜம்புலிங்கம் பிடிக்க வேண்டிய கார் நிக்கோபார் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்தது பத்து நாள் கழித்துத்தான்.

அன்றைய பந்தியிலும் வில்லங்கம் வந்தது. அம்மாவைக் கடைசி வரை ஆஸ்பத்திரியில் கவனித்த மலையாளி சிஸ்டர் இலையை மடக்கியபடி கேட்டாள்.

"திதியா? எங்க நாட்டுல நட்சத்திரமாணு கணக்கு. அம்மா மரிச்சது மூல நட்சத்திரத்துல அல்லே? அது சனிக்கிழமையில்ல வருது?"

"அப்ப சனிக்கிழமையும் பண்ணிடுவோம்!" என்று ஜெகநாதன் அலறினான். "எது சரின்னு தெரியலை. எதையாவது விட்டு, எங்கம்மா பட்டினி கிடந்தா என்னால தாங்க முடியாது!"

விஷயம் ஜெட்டி வரை பரவிவிட்டது. சனிக்கிழமை, அம்மா கையால் இட்லி தின்ற கூலிகளும் படகுக்காரர்களும் திரண்டு வந்தார்கள். முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், வாழைத்தண்டு என்று கொல்லையில் இருந்ததெல்லாம் அடுப்பேறியது. கொல்லை வாழை மூன்றும் மொட்டையாகி நின்றன. எல்லோரும் எழுந்தபின், பிள்ளைகள் மூவருக்கும் மிஞ்சியது நீளமான ஒரே இலை.

மரகதம் ஒரு முனையில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் ஜம்புலிங்கம் மறுமுனையில். நடுவில் ஜெகநாதன்.

"ஓசி இட்லி கேட்ட இன்ஸ்பெக்டரை அம்மா கரண்டியோட துரத்தினாளே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான் ஜெகநாதன்.

"துரத்திப் பிடிச்சு, 'பசின்னு கேளுடா, போடறேன், அதிகாரமாக் கேட்டா அடிதான்'னு சொல்லி, நாலு இட்லி தின்ன வச்சாளே!" என்றார் ஜம்புலிங்கம்.

மரகதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து புரையேறியது. தம்பியைத் தாண்டிக் கையை நீட்டி, ஜம்புலிங்கம் அவள் தலையில் தட்டினார். பிறகு மூவரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கீரை ருசியாக இருந்தது என்று மூவருமே ஒப்புக்கொண்டார்கள்.

பரிமாறிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த பூசாரியிடம் ஜெகநாதன் வந்தான்.

"மனசு நிறைஞ்சிடுச்சு பூசாரி. ஆனாலும் சரியான நாள் எதுன்னு தெரியலையே. ஜகாஜ் வரட்டும், பஞ்சாங்கத்தைப் பார்த்து நாலாவதும் பண்ணிடறேன்."

சிவஞானம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து மஞ்சள் தடவிய புதுப் பஞ்சாங்கம் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இது எப்ப வந்தது?"

"போன ஜகாஜ்லயே வந்துடுச்சு தம்பி. 'என் மூணும் ஒரே பந்தியில உக்காந்து சிரிச்சிச் சாப்பிடற அன்னிக்குத்தான் எனக்குத் திதி, அதுவரைக்கும் பஞ்சாங்கம் வரலைன்னே சொல்லு'ன்னு ஆஸ்பத்திரியில என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போச்சு உங்கம்மா!"