கேப்டன் ரத்தினம் இன்னும் வீடு திரும்பவில்லை

ஸ்ரீராம்புரம்,
வியாழக்கிழமை மதியம்.

அத்திபெலேயில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை தினேஷ் அவர்களுக்கு, மாமனார் ரவிக்குமார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மாடித் தொட்டியில் இருக்கும் புதினாவும் சுகம். அங்கே உங்கள் சுகமும் மகள் விஜியின் சுகமும் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் கிழமையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் இருப்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பதிலை அவள்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அதனால் விஜிக்கு அனுப்பும் முறுக்கு டப்பாவின் அடியில், பேப்பருக்குக் கீழே, இதை வைத்து அனுப்புகிறேன். விஷயம் அவ்வளவு ரகசியம்.

போன மாதம் நீங்கள் ஹேல்வின் விண்கப்பல் படம் போட்ட டி-சர்ட்டில் வந்து உட்கார்ந்து, "மாமா, அந்தக் காலத்து சீரியல் பெருசா, இப்ப வர்ற படங்க பெருசா?" என்று கேட்டீர்கள். நான் கண்ணை மூடி ரசத்தை உறிஞ்சினேன். அதை நீங்கள் ஆழ்ந்த ரசனை என்று எடுத்துக்கொண்டு, புதிதாக வந்திருக்கும் நான்காவது படத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு டிக்கெட், அதுவும் தமிழ் டப்பிங்கில், எடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு ரத்தினம் தமிழ்ல பேசப் போறாரு" என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவிடம் சொல்லி, மாம்பழக் கலர் புடவையை இஸ்திரிக்கும் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் கேப்டன் ராட்னர் என்று சொல்கிறீர்களே, அவர்தான் எங்கள் ரத்தினம். எண்பத்தேழில் எங்கள் சந்துக்கே ஒரு டி.வி., அது சின்னப்பா அண்ணன் வீட்டில். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹேல்வின் சீரியல் இங்கிலீஷில் வரும், முப்பது பேர் உட்கார்ந்திருப்போம், ஒருவருக்கும் ஒரு எழுத்து புரியாது. முதல் வாரமே சின்னப்பா அண்ணன் என் பக்கம் திரும்பி, "டேய் ரவி, நீதான எஸ்.எஸ்.எல்.சி. பாஸு, இன்னாடா சொல்றான் அவன்?" என்றார். இங்கிலீஷில் நான் எடுத்தது முப்பத்தைந்து மார்க், அதுவும் கருணையில் வந்தது. ஆனால் முப்பது முகங்களும் என்னைப் பார்த்தன, அதில் ஒன்று கடைசி வீட்டுச் சரளாவின் முகம், அதாவது உங்கள் அத்தை. வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவங்க கிரகத்துல தண்ணி இல்லையாம். கேப்டன் ரத்தினம் தண்ணி தேடிக்கினு போறாராம்" என்றேன்.

எனக்கு வேறு என்ன தெரியும் மாப்பிள்ளை? அப்போதுதான் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் ரோட்டில் மண்டியிட்டு வால்வைத் திருகிவிட்டுக் காதைத் தரையில் வைத்தால், அடியில் எங்கேயோ தொலைவிலிருந்து தண்ணீர் புறப்பட்டு வருகிற சத்தம் கேட்கும். ஹேல்வின் கிளம்புகிற சத்தமும் அதேதான் என்று எனக்குத் தோன்றும். அந்த நேரத்தில் ஸ்ரீராம்புரம் பூமியிலேயே இல்லாத மாதிரி இருக்கும். வரிசையாக நிற்கிற பிளாஸ்டிக் குடங்கள்கூட எதற்கோ காத்திருக்கிற வேற்றுக்கிரகத்துப் பிராணிகளாகத் தெரியும். வால்வ் பக்கத்தில் குடத்தோடு நின்று சந்திரம்மா, "ஆமேலே ஏனாய்த்து ரவி?" என்று அடுத்து நடந்ததைக் கன்னடத்தில் கேட்பாள். நானும் ஞாயிறு வருவதற்குள்ளேயே அடுத்த வாரக் கதையைச் சொல்லிவிடுவேன்.

இப்போது நீங்கள் கேட்ட ஒப்பீட்டுக்கு வருகிறேன். சீரியலில் கப்பல் அட்டையில் செய்தது, யாராவது கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். படங்களில் கப்பலின் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. ஆனால் சின்னப்பா அண்ணன் டி.வி.யில் எப்போதும் புள்ளி புள்ளியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், எது நட்சத்திரம், எது ஆன்டெனா கோளாறு என்று யாருக்கும் தெரியாது. அத்தனை நட்சத்திரங்களைச் சீரியலை எடுத்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். சீரியலில் ஒருவர் பேசி முடித்தபின் இன்னொருவர் பேசுவார், நடுவில் நாம் ஒரு வாக்கியம் சொல்ல இடம் இருக்கும். படங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், எனக்கு அதில் உட்கார இடமே இல்லை. ஆகவே சீரியல்தான் பெரிது.

ஆனால் என் பயம் அதுவல்ல. சீரியலில் திரையில் வந்து கேப்டனோடு பேசுவாளே கிரீடம் வைத்த ஒரு அம்மா, அவளை நான் ரத்தினத்தின் மனைவி என்று சொல்லிவிட்டேன். காய்ந்த கிரகத்தில் காலிக் குடத்தோடு அவருக்காகக் காத்திருக்கிறாள், அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா? எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாள் என்றேன். சரளா தாவணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். எனக்காக ஒருத்தி அப்படி அழுவாளா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். பதினோராவது வாரம் ரத்தினத்தின் கப்பல் ஒரு கறுப்பு மேகத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஞாயிறு சீரியலை நிறுத்திவிட்டு எருமை வளர்ப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். சரளா குழாயடிக்கு வந்து, "ரத்தினம் வந்துட்டாரா?" என்று கேட்பாள். "வந்துக்கினே இருக்காரு" என்பேன். முடிவைச் சொல்லிவிட்டால் அவள் கேட்க வரமாட்டாளே என்ற பயத்தில் சொல்லவே இல்லை. அப்படியே கல்யாணமும் ஆகிவிட்டது. நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கதவைத் திறந்து, "தண்ணி கெடச்சுதா கேப்டன்?" என்றுதான் கேட்டாள். இப்போது பால் வாங்கி வந்தாலும் அதே கேள்விதான்.

மூன்றாவது படத்தைத் தமிழில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன், பென்ஷன் விஷயமாகப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு. மாப்பிள்ளை, அந்த அம்மா மனைவியே இல்லை, எதிரி நாட்டு ராணி! சுத்தமான தமிழில் "உன் கிரகத்தைச் சாம்பலாக்குவேன், ராட்னர்!" என்றாள். எனக்குப் பாப்கார்ன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தண்ணீரைப் பற்றி மூன்று மணி நேரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. நான்காவது படத்திலும் அவள் வருகிறாளாம். இதை ஞாயிற்றுக்கிழமை சரளா கேட்டால், நான் சொன்னதில் எதைத்தான் இனி நம்புவாள்? கதவைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். ஆகவே தியேட்டரில் மிஷின் கெட்டுவிட்டது, ஷோ கேன்சல் என்று ஏதாவது சொல்லி இந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். காலில் விழ வயது இடம் கொடுக்கவில்லை, விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவருக்கும் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரட்டும், டேங்க் நிரம்பட்டும், மோட்டார் ஒருநாளும் காற்று வாங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வால்வ்மேன் (ஓய்வு) ரவிக்குமார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது சரளா அத்தை எழுதுறது. டப்பாவுக்குப் பேப்பர் போட்டவ நான், அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல முறுக்கு டப்பா பக்கமே வராத மனுஷன் இன்னைக்கு நாலு தடவ அதச் சுத்திச் சுத்தி வந்தாரு. அந்தக் காலத்து டி.வி.ல கிரீடம் வெச்ச அந்தப் பொம்பள கண்ணுல நெருப்பு பறக்க, பல்லக் கடிச்சுக்கினு பேசுறா, இவரு "சாப்பிட்டீங்களா"ன்னு கேக்குறாளாம்னு சொல்றாரு. எனக்கு இங்கிலீஷ்தான் வராது, கண்ணு தெரியாதா? அன்னிக்கு நான் அழவே இல்ல. சிரிப்ப அடக்க முடியாமதான் தாவணிய வாயில வெச்சுக்கினேன். ஆனா அடுத்த வாரமும் போனேன், அதுக்கு அடுத்த வாரமும் போனேன். ரத்தினம் வரணும்னு நெஜமாவே காத்துக்கினு இருந்தேன், இன்னும் இருக்கேன். டிக்கெட்ட ரத்து பண்ணாதீங்க, இங்கிலீஷ் ஷோவுக்கு மாத்திடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஓரமா பக்கத்து பக்கத்து சீட்டு. தமிழ் டிக்கெட் தீந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க, நான் இதப் படிச்சது தெரிய வேணாம். இந்த வாட்டி அவரே பக்கத்துல உக்காந்து சொல்லி, ரத்தினத்த வீட்டுக்குக் கூட்டிக்கினு வரட்டும்.