நூறு வாட் பல்பும் யாழினியின் பச்சோந்தியும்

சிப்காட் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவன் நான். என் பொறுப்பில் ஒரு ஆள்கூட ஷாக் அடித்துச் செத்ததில்லை. செத்தது ஒரு பச்சோந்திதான்.

அது சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான் செந்திலின் மகள் யாழினியுடையது. வெளிநாட்டு வகை, பதிவு செய்த காகிதமெல்லாம் உண்டு. பெயர் கீரை. ஒரு மே மாதம் அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது, பன்னிரண்டு வயது யாழினி அதைக் கம்பி வலைக் கூண்டோடு கடலூரில் எங்கள் வீட்டில் விட்டாள். நோட்டுத் தாளில் எழுதியும் கொடுத்தாள்.

"காலைல ஒரு மணி நேரம் சின்ன பல்பு போதும் மாமா. கூண்டுக்கு வெளிய. வெயில் ஜாஸ்தியா இருந்தா அதுவும் வேணாம்."

தலையாட்டினேன். (சின்னப் பெண் எனக்கு பல்பு மாட்டச் சொல்லித் தருகிறாள்.) அவர்கள் போனதும் யூடியூபைத் திறந்தேன். வெள்ளைக்காரர் ஒருவர், பச்சோந்திக்கு வெப்பம் குறையவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வலைக் கூண்டில் சூடு எப்படி நிற்கும்? பரணிலிருந்து பழைய மீன் தொட்டியை இறக்கினேன். மேலே பலகை மூடி, அதில் ஹோல்டர், உள்ளே ஏறிக்கொள்ள ஒரு கிளை. பழைய குண்டு பல்புக்காக நாலு கடை ஏறினேன். கடைசிக் கடைக்காரர் தூசி தட்டி எடுத்தார்.

"கோழிக்குஞ்சுக்கா சார்?"

"பச்சோந்திக்கு."

"அதுக்கு எதுக்கு சார் லைட்டு? அது பாட்டுக்கு வேலில உக்காந்துனு இருக்கும்."

படிக்காத மனிதர் என்று இரக்கப்பட்டு நூறு வாட்டாகவே வாங்கினேன். மறுநாள் காலை கீரையைத் தொட்டியில் விட்டு, சுவிட்சைப் போட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்கு என் மனைவி மலர் போன் செய்தாள்.

"ஏங்க, அது வெளுத்துப் போயிருக்குது. வாயத் தொறந்துனே இருக்குது."

"பசிக்குதா இருக்கும். ரெண்டு பூச்சி போடு."

"போட்ட பூச்சியே செத்துக் கெடக்குதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கீரையின் முதுகில் கறுப்பாக ஒரு தீக்காயம். அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் ஊசியை எடுப்பதற்குள் அது அடங்கிவிட்டது.

"மே மாசம் கடலூர்ல எதுக்குங்க ஹீட்டரு?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர்கள் திரும்பிய அன்று காலிக் கூண்டோடு சிதம்பரம் போனோம். பாதி வழி தாண்டும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டேன்.

"அதுக்கு வயசாயிடுச்சு போல கண்ணு. தூக்கத்துலயே போயிடுச்சு."

யாழினி அழவில்லை. கூண்டுக்குள் குனிந்து பார்த்தாள்.

"கூண்டு சுத்தமா இருக்குதே மாமா. ஒரு எச்சம்கூட இல்ல. இதுல நீங்க வெக்கலயா?"

மலர் தரையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன வாட்?"

"நூறு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற செந்தில், என்னைக் காப்பாற்ற நினைத்தோ என்னவோ, "என்னா மாமா, பொரிச்சிட்டீங்களா?" என்றான். நான் சிரித்தேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

குடும்பத்துக்கு அன்று ஒரு ஜோக் கிடைத்தது. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், "மாமா கைல குடுக்காதீங்க, லைட்டு போட்டுடுவாரு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு பூனை வளர்க்கிறாள். போன பொங்கலுக்கு அவர்கள் வெளியூர் போனபோது, பூனையைப் பக்கத்துத் தெருவில் யாரோ பார்த்துக்கொண்டார்களாம். எங்க வீட்டில் விட்டிருக்கலாமே என்று கேட்டேன். மற்றவர்கள் ஜோக்குக்குத் தயாரானார்கள்.

அவள் மட்டும் மரியாதையாகச் சொன்னாள்: "பரவால்ல மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்."