கடைவாய்ப் பல்லும் சென்டர் ஃபார்வர்டும்

"முதல்ல அந்த கோல்கீப்பரைத் தூக்கணும். நல்லா ஆ காட்டுங்க சார். இன்னும் கொஞ்சம். அவரை வெளிய உட்கார வெச்சாத்தான் நம்ம டீம் உருப்படும்" என்றார் பல் டாக்டர்.

கடைவாய்ப் பல் வலியோடு வந்து நாற்காலியில் மல்லாந்து கிடந்தவரின் வாயில் ஒரு பக்கம் பஞ்சு, இன்னொரு பக்கம் எச்சிலை உறிஞ்சும் குழாய். இடது கன்னம் பந்து போல வீங்கி, அந்தப் பக்கத்துக் கண்ணையும் பாதி மூடியிருந்தது. அவர் என்னவோ சொல்ல முயன்றார். "ஆ... ஊ... வா..." என்றுதான் வந்தது.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

டாக்டருக்குப் பச்சைச் சட்டை ஹாக்கி அணி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் மைதானத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அணி தோற்றால் திங்கட்கிழமை முழுவதும் முகம் தொங்கிவிடும். அணியை எப்படிச் சீர்திருத்துவது என்று அவருக்கு வண்டி வண்டியாகக் கருத்துகள் உண்டு. கேட்கத்தான் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி வீட்டில் ஹாக்கிப் பேச்சையே தடை செய்திருந்தாள். பெனால்டி கார்னரை எப்படித் தடுக்க வேண்டும் என்று தம்ளர்களை வரிசையாக அடுக்கி அவர் விளக்கிக்காட்டியதில், அவள் திருத்தி வைத்திருந்த பரீட்சைத் தாள்கள் அத்தனையும் தண்ணீரில் மிதந்ததிலிருந்து இந்தச் சட்டம். நண்பர்களோ அவரைத் தூரத்தில் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

மிஞ்சியது நோயாளிகள். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள். எழுந்து ஓட முடியாது. குறுக்கே பேசவும் முடியாது.

அந்த ஞாயிறும் அணி தோற்றது. அதே பழைய கோல்கீப்பர்தான் நின்றார். திங்களன்று கடைவாய்ப் பல்காரர் மறுபடி வந்தபோது டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார், மாத்துங்கன்னு! எவனாவது காதுல வாங்கினானா? டீமைத் தேர்ந்தெடுக்கிறவங்களுக்குக் கண்ணு எங்கே இருக்கு, முதுகிலயா?"

சீழ் பிடித்த பல். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. டிரில் ஏறியதும் அவர் உடம்பு நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பியது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

டாக்டர் கையை நிறுத்தினார். நெகிழ்ந்துபோனார்.

"அழாதீங்க சார். உங்களுக்கும் டீம் மேல இவ்வளவு பாசமா? நாம சொன்னா எங்கே கேக்கிறாங்க!"

பக்கத்தில் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் உதவியாளர் பெண் மேலே விட்டத்தைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் டாக்டர் தன் கண்ணையே நம்பவில்லை. கோலில் புது ஆள் நின்றான். அணி ஜெயித்தது.

மறுமுறை கடைவாய்ப் பல்காரர் வந்தபோது டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, அது நன்றாகப் பிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். வாய்க்குள் பூனை நடப்பது போல வேலை செய்தார்.

"வலிக்குதா சார்?"

"ஊஹூம்" என்றார் அவர், ஆச்சரியத்தோடு.

"பார்த்தீங்களா, கோல்கீப்பரை மாத்தினதும் எப்படி ஆயிடுச்சு! இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ரைட் விங்ல ஓடற பையனை லெஃப்ட்டுக்கு மாத்தணும். அவ்வளவுதான், எதிராளிங்க திண்டாடிப் போயிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் லெஃப்ட்டில் ஓடினான். டாக்டர் இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "உட்காருய்யா" என்று கத்தியதுகூட அவர் காதில் விழவில்லை.

ஒருமுறை என்றால் சரி. இரண்டாவது முறையும் எப்படி? அவருக்கு மண்டை குடைந்தது. பல் விளக்கும்போது யோசித்தார். அடுத்தவர் பல்லைப் பிடுங்கும்போதும் யோசித்தார். கடைசியில் விடை உதவியாளர் பெண்ணிடமிருந்து வந்தது.

"டாக்டர், அந்தக் கடைவாய்ப் பல் சாருக்கு வீக்கம் வடிஞ்சதும் முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. வெளிய உட்கார்ந்திருந்தப்போ கேட்டே கேட்டுட்டேன். பச்சைச் சட்டை அணியோட தேர்வுக்குழுத் தலைவராம்."

டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடி தரையில் விழுந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் சட்டத்தை மீறினார். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நம்ம டீமை இப்போ நடத்துறதே நான்தான்."

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவை ஒத்துப்போச்சுன்னா அது நிரூபணம் ஆயிடுமா? அவரே யோசிச்சு மாத்தியிருப்பாரு. யாருக்குமே தோணாத ஒண்ணைச் சொல்லிப் பாருங்க. அப்பவும் செஞ்சா நம்பறேன்."

கணக்கு டீச்சர் சொன்னது டாக்டரின் மனதில் முள்ளாகத் தைத்தது. யாருக்குமே தோணாத ஒன்று. நியாயப்படி பல்லின் வேலை முடிந்துவிட்டது. மேலே கேப் போடுவதுதான் பாக்கி. ஆனாலும், "வேர்ல லேசா ஒரு சந்தேகம் இருக்கு சார், இன்னொரு தடவை வந்துடுங்க" என்று போனில் கூப்பிட்டார். உதவியாளர் பெண் இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

"என்ன சந்தேகம் டாக்டர்? எக்ஸ்ரே பளிச்சுன்னு இருக்கே."

"சந்தேகம் எனக்கும்மா, பல்லுக்கு இல்ல."

கடைவாய்ப் பல்காரர் வந்து படுத்தார். பல்லை இரண்டு தட்டு தட்டிவிட்டு, டாக்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஃபுல் பேக்ல ஒரு பெரிய உடம்புக்காரர் நிக்கிறாரே, அவரை சென்டர் ஃபார்வர்டா போட்டா என்ன?"

அந்த ஃபுல் பேக் ஒரு மலை. நின்ற இடத்தில் நின்றால் அவரைத் தாண்டிப் பந்து போகாது. ஆனால் அவர் நடுக்கோட்டைத் தாண்டி ஓடியதை யாரும் பார்த்ததில்லை. அவரை முன்வரிசையில் நிறுத்துவது, வீட்டுக் கதவைக் கழற்றித் தெருவில் வைப்பது மாதிரி.

கடைவாய்ப் பல்காரரின் கண்கள் விரிந்தன. "அ... அவரையா?"

"ஆமா சார், அவரைத்தான்" என்றார் டாக்டர், டிரில்லை ஒரு துணியால் துடைத்தபடி.

"சரி" என்றார் அவர்.

ஞாயிறன்று அந்த மலை நடுவில் நின்றது. மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியது. கதவில்லாத வீட்டுக்குள் எதிரணியினர் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எத்தனை கோல் என்று எண்ணுவதை டாக்டர் பாதியில் விட்டுவிட்டார். லீக்கின் அடிமட்டத்துக்குப் போயிற்று அணி. இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றால் அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவில்தான் ஆட வேண்டும்.

"நம்பிட்டேங்க" என்றாள் மனைவி. "இப்போ திருப்தியா?"

திருப்தி எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, அந்த வாரமே பழைய கோல்கீப்பர் அவரிடம் வந்து சேர்ந்தார். முன்பொரு ஆட்டத்தில் பந்து பட்டு உடைந்த முன்பல்லின் பூச்சு பெயர்ந்திருந்தது.

"இப்போ வேலை இல்லையே டாக்டர், அதான் பல்லைப் பார்க்கலாம்னு வந்தேன்" என்று சிரித்தார். "ஏன் தூக்கினாங்கன்னு இன்னும் தெரியல. நல்லாத்தான் ஆடிட்டிருந்தேன். என் பொண்ணு கேக்கறா, 'நீ என்னப்பா தப்பு பண்ணே'ன்னு. எனக்கே தெரிஞ்சாத்தானே அவகிட்ட சொல்ல?"

அவர் வாயைத் திறந்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அந்த அறையில் ஹாக்கிப் பேச்சே இல்லாமல் ஒரு பல் சரியானது அன்றுதான்.

கோல்கீப்பர் படியிறங்கியதும் டாக்டர் போனை எடுத்தார். "சார், அவசரம். உடனே வாங்க."

கடைவாய்ப் பல்காரர் வெளிறிப்போய் வந்தார். "டாக்டர், பல்லுல வலியே இல்லையே?" என்றார் வாசலிலேயே.

"படுங்க சார், சொல்றேன்."

உட்கார வைத்தே பேசியிருக்கலாம். ஆனால் நோயாளியைப் படுக்க வைக்காமல் டாக்டருக்குப் பேச வராது. பழக்க தோஷம். கை சும்மா இருக்கவும் மறுத்தது. தற்காலிகமாக அடைத்திருந்த பூச்சைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தார். பேச்சு வேகத்தில் கை எங்கே போகிறது என்று கவனிக்கவில்லை.

"நான் சொன்னது அத்தனையும் தப்பு சார். யாரையும் மாத்த வேண்டாம். பழைய ஆளுங்களே போதும். பழைய ஆளுங்களைப் போட்டா எல்லாம் சரியாயிடும்!"

கருவி வழுக்கி ஈறில் குத்தியது. வெளியே காத்திருந்த இரண்டு பேர், "நாங்க நாளைக்கு வர்றோம்மா" என்று உதவியாளர் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்துபோகும் அளவுக்கு ஓர் அலறல்.

"பழைய ஆளுங்க, சரி, பழைய ஆளுங்க!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினார் கடைவாய்ப் பல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைச் சட்டைக்காரர்கள் மைதானத்தில் இறங்கியபோது கூட்டம் முதலில் சிரித்தது. ஏதோ காட்சிப் போட்டி என்று நினைத்தார்கள். எப்போதோ ஓய்வு பெற்ற கேப்டன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிய ஒருவர். முழங்காலில் பட்டை சுற்றிய இருவர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. பாதி ஆட்டத்தில் ஒருவர் பந்தை விட்டுவிட்டு, எதிரணிப் பயிற்சியாளரிடம் போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அடக்கடவுளே, பழைய ஆளுங்கன்னா இப்படியா!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அணி தோற்றது. இனி ஓர் ஆட்டம்தான். அதிலும் தோற்றால் கதை முடிந்தது.

கேப் தயாராகி வந்திருந்தது. போட்டுத்தானே ஆக வேண்டும்? டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த முறை வாயே திறப்பதில்லை. உதவியாளர் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "தயவு செஞ்சு அவர் மட்டும் வாயைத் திறக்கட்டும் டாக்டர்."

கடைவாய்ப் பல்காரர் வந்து படுத்தார். டாக்டர் ஊமையாக வேலை செய்தார். கேப்பை வைத்தார், எடுத்தார், தேய்த்தார், மறுபடி வைத்தார். கடிக்கச் சொல்வதைக்கூடச் சைகையில் காட்டினார். அறையில் குழாய் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்காலியில் இருந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

"டாக்டர்... இந்த வாரம்... ஏதாவது சொல்லணுமா?"

டாக்டர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஒண்ணுமே இல்லையா? ஒரு சின்ன மாற்றம்கூடவா?"

டாக்டர் மறுபடி தலையை ஆட்டினார். கடைவாய்ப் பல்காரர் மெல்ல எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து கதவைத் திறந்துகொண்டு போனார்.

மறுநாள் செய்தி வந்தது. தேர்வுக்குழுத் தலைவர் உடல்நிலை காரணமாக விலகிவிட்டார். கடைசி ஆட்டத்துக்கு அணியைப் பயிற்சியாளரே தேர்ந்தெடுப்பார். ஞாயிறன்று பழைய கோல்கீப்பர் கோலில் நின்றார். மலை தன் இடத்தில் அசையாமல் நின்றது. ரைட் விங் பையன் ரைட்டில் ஓடினான். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டி கார்னரை கோல்கீப்பர் காலால் உதைத்துத் தடுத்தபோது, டாக்டர் பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார். அணி தப்பித்தது.

அந்த வாரம் ஓர் அம்மா வந்தார். சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். கடைவாய்ப் பல்காரரின் மனைவி என்று உதவியாளர் பெண் காதில் சொன்னதும், டாக்டர் ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். மனதில் கிடந்ததை இறக்கி வைக்க இதைவிட நல்ல சமயம் ஏது?

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வேலை போனதுக்கு நான்தான் காரணம். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் பெரிய மனசு பண்ணி அதையெல்லாம் மதிச்சுக் கேட்டாரு. மன்னிச்சுக்கங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அவ்வளவு விஷயம் தெரிஞ்சவர், ஒரு பல் டாக்டர் பேச்சுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு கொடுத்தாரு?"

அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முதல் வாரம் நீங்க சொன்னதைச் செய்யல, மறு தடவை உயிர் போற மாதிரி வலிச்சுதாம், அப்புறம் சொன்னதைச் செஞ்சாரு, வலியே இல்லையாம். அவர் கையில டீம் இருந்துச்சு, சமாளிச்சாரு. எனக்கு ஒருத்தரைக்கூட மாத்துற அதிகாரம் கிடையாது டாக்டர், கொஞ்சம் பார்த்துப் பிடுங்குங்க."