நான் பிழைக்க வைத்த நாய்

'பெற்றோர் கையொப்பம்' என்று போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே இருக்கிற எதுவும் நமக்குச் சொந்தமில்லை. இதை நாற்பத்தாறு வயதில், ஒரு வகுப்பறை நிறையப் பெற்றோர் பார்த்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

மகள் நந்திதா போன வருடம் ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் மிஸ் வாரம் ஒரு கதைப் புத்தகம் கொடுப்பார். படித்துவிட்டு மனதில் பட்டதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டும். (அதோடு நிற்கிற ஆளா நான்?)

சரவணம்பட்டியில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தமிழ் மீடியம். எனக்கு முழுசாக எழுத வரும் ஒரே இங்கிலீஷ், லீவ் லெட்டர். அந்தத் தைரியத்தில் வாராவாரம் திருத்தினேன். பாவம், அவளும் அப்படியே பார்த்து எழுதினாள். அந்த வருடம் சிங்கக் கதை, பேய்க் கதை எல்லாம் பணிவாகத் தொடங்கி, நன்றி சொல்லி முடிந்தன.

கடைசிப் புத்தகம் ஒரு நாயைப் பற்றியது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே எழுதிவிட்டாள், இரண்டே வரி: நாய் செத்துவிட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

எனக்குப் பகீரென்றது. கிளம்பும்போதுகூட 'போறேன்' என்று சொல்லாமல் 'வாரேன்' என்று சொல்கிற குடும்பம். வருடத்தின் கடைசிப் பக்கத்தில் சாவா? அதுவும் இரண்டு வரியிலா? அவள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவள் கையெழுத்து மாதிரியே நான் எழுதினேன். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், நாய் பிழைத்தது, ஊருக்கே விருந்து நடந்தது. (வாழையிலையில்.) அவள் பிரித்துப் பார்க்காமல் நோட்டைப் பையில் வைத்தாள்.

அந்த வாரமே பெற்றோரை வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். மிஸ் நந்திதாவை முன்னால் நிறுத்தி, "இந்த வருசம் நான் படிச்சதுலயே எனக்குப் பிடிச்சது வெள்ளிக்கிழமை வகுப்புல இவ எழுதிக் காட்டின ரெண்டு வரிதாங்க" என்றார். "வாசி கண்ணு."

நந்திதா பிரித்தாள். வாசித்தாள். ஊசி வந்ததும் குரல் இறங்கியது. வாழையிலையில் நின்றுபோனது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இது நீ எழுதினதா?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க மிஸ்" என்றாள்.

எழுந்திருக்க வேண்டியவன் நான். எழுந்திருக்கவில்லை.

வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "அது செத்துப்போச்சுங்கப்பா."

மறுநாள் மிஸ்ஸைப் பார்த்து உண்மையை எழுதிக் கொடுத்தேன். பணிவாகத் தொடங்கி, நன்றி சொல்லி முடித்து. மிஸ் நந்திதாவைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியையும் மறுபடி எழுதச் சொன்னாராம். அவள் எழுதவில்லை.

இப்போது துக்க வீட்டுக்குக் கிளம்பினாலே என் மனைவி, "ஏனுங்க, அங்க போயி அவரு பொழச்சுட்டாருன்னு சொல்லிப்போடாதீங்க" என்பாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நந்திதா இப்போது எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நோட்டைக் கொண்டுவருவாள். இடது கையால் பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டுவாள்.